பருவ இறுதி மடல்: அறிவியல் கண்காட்சியும் டிரை ஐஸும்

அன்புள்ள பெற்றோருக்கும், அவர்கள் வெளிநாட்டில் இருக்கப் பிள்ளைகளைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் ஐயா, அப்பத்தா, ஆயாமாருக்கும் வணக்கம்.

இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிகிறது. கபடியிலும் பேச்சுப் போட்டியிலும் பரிசுகள் வந்தன, கலைவிழாவும் சிறப்பாக நடந்தது. அனைவருக்கும் வாழ்த்துகள்.

அப்புறம், எட்டாம் வகுப்பின் வால்மீன் மாதிரி. சூரியனை நெருங்கும் வால்மீனில் பனி உருகி ஓடுவதில்லை. விண்வெளியில் காற்றழுத்தம் இல்லாததால் பதங்கமாகி நேரே வாயுவாகிறது. அதுவும் ஒரே சமயத்தில் அல்ல. கார்பன் மோனாக்சைடு வெகு தொலைவிலேயே கிளம்பிவிடும், அடுத்தது கார்பன் டை ஆக்சைடு. நீர்ப்பனி வேகம் பிடிப்பது, பூமி–சூரியன் தூரத்தைப்போல் சுமார் 3 மடங்கு தூரத்துக்குள் வந்த பிறகுதான். வெளியேறும் வாயு தூசியையும் இழுத்துக்கொண்டு போகும். ரோசெட்டா விண்கலம் 2014 முதல் 2016 வரை ஒரு வால்மீனுடன் கூடவே சென்று இதையெல்லாம் பதிவு செய்தது. பிள்ளைகள் இதை என்னைவிட நன்றாக விளக்குகிறார்கள்.

இதைக் காட்ட டிரை ஐஸ் வேண்டும். அது உறைந்த கார்பன் டை ஆக்சைடு. ஆசிரியரே வாங்கிவந்து, கையுறை போட்டு, திறந்தவெளியில் செய்து காட்டுவார் என்று முன்பே தெரிவித்திருந்தோம். ஆனாலும் சென்ற வாரம் சிலர், கல்யாண மண்டபத்தில் புகைக்கு வைத்ததில் மிச்சத்தை எவர்சில்வர் பாட்டிலில் போட்டு, இறுக மூடி, பள்ளி வேனில் கொண்டுவந்துவிட்டார்கள். பிள்ளையின் மாதிரி நன்றாக அமைய வேண்டும் என்ற உங்கள் ஆசை புரிகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை மண்டபத்தில் தனியாகப் போய்க் கேட்டிருக்காது என்பதும் புரிகிறது.

மூடிய பாட்டிலுக்குள் வாயு பெருகினால் பாட்டில் வெடிக்கும். மைனஸ் 78 டிகிரிக் குளிர், வெறுங்கையில் பட்டால் தீப்புண் போலாகிவிடும். கண்ணாடி ஏற்றிய வேனில் மூச்சுத் திணறும். அன்று யாருக்கும் எதுவும் ஆகவில்லை, அவ்வளவுதான். ஆகவே கண்டிப்பாகச் சொல்கிறேன்: இனி பையில் டிரை ஐஸ் இருந்தால் பிள்ளை வாசலிலேயே நிறுத்தப்படும். வீட்டுப் பெரியவர் ஒருவர் நேரில் வந்து பேசிய பிறகே வகுப்புக்கு அனுப்புவோம்.

உதவ விரும்புவோர் மணலும் கரித்தூளும் கொடுத்தனுப்புங்கள். வால்மீனின் மேற்பரப்பு கரியைப்போல் கருப்பு என்பதால் கரித்தூள் நிறையவே தேவைப்படும். அட்டை, வர்ணம் என்று ஏற்கனவே தந்தவர்களுக்கும், சொன்னதும் புரிந்துகொண்டு வருத்தம் தெரிவித்த பெற்றோருக்கும் மனமார்ந்த நன்றி. வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்குக் கண்காட்சி, குடும்பத்தோடு வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
காரைக்குடி