உபயம் எழுதாத ஸ்டாம்புகள்

எங்களுக்காக ஓடியாடிய எல்லோருக்கும் வணக்கம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் வீடு ஒதுக்கிய கணக்கைக் கேட்டிருந்தோமே, அதற்குப் பதில் கவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தபாலில் வந்தது. இரண்டு வருஷமாக நாங்கள் பட்டதெல்லாம் கேரளத்தில் எங்கள் தேவிகுளம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், திரும்பச் சொல்லவில்லை. யார் பேருக்கு வீடு ஒதுக்கினார்கள், எவ்வளவு பணம் செலவானது என்ற பட்டியல், சீலோடும் கையெழுத்தோடும் இப்போது எங்கள் கையில் இருக்கிறது. இரண்டு ராத்திரியாகத் தூக்கம் இல்லை. மனசு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி மேல் லயத்துப் பாட்டிக்கு. லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். பேர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆயுசில் பாதிக்கு மேல் கொழுந்து பறித்தவர். தேயிலைக் கறை இன்னும் விரல் இடுக்கை விட்டுப் போகவில்லை.

எங்கள் முதல் மனுவுக்கு 30 நாளில் வரவேண்டிய பதில் வரவில்லை. அப்பீலும் போட்டோம். கூடவே வீட்டுக்கு ஒரு மனுவாகப் போடுங்கள் என்றார் வக்கீல் சார். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவுக்குப் பத்து ரூபாய்தான், கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டினால் போதும். ஆனால் அதை வாங்கப் போனால் ஒருநாள் கூலி போய்விடும். பல பேர் தயங்கினார்கள். அன்றைக்கு நல்ல மழை. பாட்டி வந்து மடியிலிருந்து ஒரு பால் கவரை எடுத்தார். உள்ளே பத்து ரூபாய் ஸ்டாம்பு ஐம்பது. பென்ஷன் வந்ததும் தனியாக பஸ் ஏறிப் போய் வாங்கி வந்திருக்கிறார். "கேள்வி கேக்கப் போறீங்க சாமி, பத்து ரூவாய்க்காக ஒருத்தரும் நின்னுறக் கூடாது."

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல அவர் மனுவை நான் எழுதினேன், கைநாட்டு வைத்தார். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தில் கொண்டுவர அதிகாரியே உதவ வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இருப்பதைச் சொன்னேன். "அப்பிடியா? இத்தனை வருசம் யாரும் சொல்லலையே" என்றார்.

கோயிலுக்கு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தால் அதில் உபயம் என்று பேர் எழுதலாம். அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தால் நோட்டீசில் பேர் வரும். அதெல்லாம் நல்ல தர்மம்தான், நானும் கொடுத்திருக்கிறேன். ஆனால் கணக்குக் கேட்கப் போகிறவனின் பஸ் சார்ஜுக்குக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. 1996-இல் ராஜஸ்தானில் பியாவர் என்ற ஊரில் இந்த உரிமைக்காக 40 நாள் தர்ணா இருந்தார்களாம். கிராமத்துக்காரர்கள் வீட்டுத் தானியத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்களாம். அப்புறம் 2005-இல்தான் நாடு முழுக்கச் சட்டம் வந்தது. வக்கீல் சார் இதைச் சொன்னபோது பாட்டியின் பால் கவர்தான் என் கண்ணில் நின்றது.

அந்த வக்கீல் சார் மலையாளி, ஒரு பைசா வாங்கவில்லை. தமிழில் எழுதினால் எடுக்க மாட்டோம் என்று ஒரு இடத்தில் சொன்னபோது, குறையைச் சொல்லும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்ற அரசியல் சட்டம் 350-ஆம் பிரிவைக் காட்டி வாங்க வைத்தார். ராத்திரி கடையைத் திறந்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த தம்பி, மாவட்டத் தலைமையிடமான பைனாவு வரைக்கும் டீசலுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு வந்த ஜீப் அண்ணன், கூடவே நின்ற யூனியன் சேச்சிகள், திருப்பூரிலிருந்தும் போடியிலிருந்தும் நூறும் இருநூறுமாக அனுப்பிய எங்கள் லயத்துப் பிள்ளைகள், உங்கள் எல்லோருக்கும் கோடி நன்றி.

வந்த பணம், செலவான பணம் எல்லாவற்றையும் எழுதி லயத்து முதல் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். இனி மாதாமாதம் ஒட்டுவேன். சந்தேகம் இருந்தால் யாரும் கேட்கலாம், பில் என்னிடம் இருக்கிறது.

பாட்டியின் கவரில் ஏழு ஸ்டாம்பு மிச்சம். ஆம்புலன்ஸ் ஏன் மேல் லயம் வரைக்கும் வருவதில்லை என்ற மனுவில் ஒன்றைத் திங்கட்கிழமை ஒட்டுகிறோம்.