மாகுலா என்றால் கறை மட்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வந்த கண் நலக் கட்டுரையில், கண்ணுக்குள் இருக்கும் ஒரு பகுதியைக் குறிக்கும் ‘மாகுலா’ என்ற சொல் பல இடங்களில் வந்தது. ஓரிடத்திலும் அதன் பொருள் இல்லை. எனக்கு அது பெருங்குறையாகப் பட்டதற்குக் காரணம் என் அம்மா.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மருத்துவர் “மாகுலா தேய்ந்திருக்கிறது” என்றதும், “அப்படின்னா என்னடி?” என்று அம்மா கேட்டார். “புள்ளிம்மா” என்றேன். உயிரியல் ஆசிரியையாக இருந்த நான் அவ்வளவோடு நிறுத்தியிருக்கக் கூடாது. “கண்ணுல கறை விழுந்துடுச்சா? துடைச்சு எடுத்துட முடியாதா?” என்று புலம்பியபடி அன்றிரவு அவர் தூங்கவே இல்லை.

லத்தீனில் மாகுலா என்றால் புள்ளி, கறை, களங்கம். தோல் மருத்துவர்கள் மேடிடாமல் நிறம் மட்டும் மாறிய தடிப்பில்லாப் புள்ளியை ‘மாக்யூல்’ என்பதும் இதிலிருந்துதான். களங்கமற்ற என்ற பொருளுள்ள ‘இம்மாகுலேட்’டும் இதன் வழி வந்ததே. மாதாவை அமலோற்பவி என்கிறோமே, அதிலுள்ள ‘அமல’வும் அதே கட்டுமானம்: மலம் அற்றது, மாசு அற்றது. ‘மறுவற்ற’ என்ற நம் சொல்லும் இதற்கு அப்படியே பொருந்தும்.

மாகுலாவுக்கு இன்னொரு பொருளும் உண்டு: வலையின் துளை. அதைத் தமிழில் வலைக்கண் என்கிறோம்! இந்தப் பொருத்தத்தைக் கண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. இரும்பு வளையங்களைக் கோத்த பழைய போர்க்கவசத்தை ஆங்கிலத்தில் ‘மெயில்’ என்பதும் இந்தப் பொருளிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததுதான்.

கண்ணுக்குள் இருப்பதன் முழுப்பெயர் ‘மாகுலா லூட்டியா’, அதாவது மஞ்சள் புள்ளி. அது நோயல்ல; எல்லோர் விழித்திரையின் நடுவிலும் சுமார் 5.5 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கிறது. லூட்டீன், சியாசாந்தின் என்ற நிறமிகளே மஞ்சளுக்குக் காரணம். எழுத்து படிப்பதும் ஊசியில் நூல் கோப்பதும் முகம் அறிவதும் அதன் தயவில்தான். அது தேய்ந்தால் பார்வையின் நடுப்பகுதி மங்கும், ஓரம் தெரியும். அம்மாவுக்கு வாசல் நிலை தெரிகிறது. அதில் நிற்கும் என் முகம் தெரிவதில்லை.

இனி இச்சொல்லை அச்சிடும்போது முதலிடத்திலாவது ‘மஞ்சள் புள்ளி’ என்று சேர்த்து எழுதுங்கள். பார்வை நரம்பு வெளியேறும் ‘குருட்டுப் புள்ளி’ வேறு என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு பயப்படுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை