அந்த 320 மணி நேரத்தைக் கணக்கில் சேருங்கள்

அன்றாட வேலைகளைத் தாமே செய்ய நோயாளிகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளைப் பதிவு செய்யும் மன்றத்தின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். என் களப்பயிற்சியில் எட்டு வாரம், அதாவது 320 மணி நேரம், செல்லாது என்று நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. எனக்கு மேற்பார்வையாளராக இருந்தவரின் பதிவு அந்த நாட்களில் காலாவதியாகியிருந்ததாம். சரி, அந்தப் பதிவேடு யாரிடம் இருந்தது? உங்களிடம். அவர் பெயரைக் குறிப்பிட்டு நான் விண்ணப்பித்தபோது ஒப்புதல் தந்ததும் நீங்கள்தான்.

குறைந்தது 1,000 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும் என்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் உலகக் கூட்டமைப்பின் விதியோடு எனக்குச் சண்டை இல்லை. அது அவசியம் என்று கற்றுக்கொண்டதே அந்த எட்டு வாரத்தில்தான். பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோன ஓர் அம்மா. சட்டை போடும்போது விழுந்த கை முதலில் உள்ளே போக வேண்டும், கழற்றும்போது அது கடைசியில் வெளியே வர வேண்டும். தேர்வில் இது ஒரு வரி. அவருக்குப் பதினோரு நாள் பிடித்தது. முதல் நாள் சட்டையை என் மேலேயே வீசினார். பன்னிரண்டாம் நாள், ஒரே கையால் பொத்தான் மாட்ட உதவும் பொத்தான் கொக்கியை இடது கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாக இழுத்து மாட்டினார். கடைசிப் பொத்தானுக்கு நான் கை நீட்டியதும், "தொடாதே, நானே போடுறேன்" என்றார்.

அந்தக் காலையும் உங்கள் கடிதத்தின்படி செல்லாது.

மறுபடி எட்டு வாரம் செய் என்கிறீர்கள். எங்கே? மேற்பார்வைக்கு ஆள் கிடைப்பதே பெரும்பாடு. தன் நோயாளிகளைக் கவனித்து, குறிப்பெழுதி, அதற்கு மேல் ஒரு மாணவியையும் பார்த்துக்கொள்ளும் தெரபிஸ்டுக்கு நேரமும் இல்லை, நன்றி சொல்வாரும் இல்லை. இடத்துக்காகக் காத்திருப்பதற்குள் உரிமத் தேர்வு போய்விடும். அப்புறம் ஒரு வருடம். இங்கே தெரபிஸ்ட் போதவில்லை என்று நோயாளிகள் வரிசையில் நிற்கிறார்கள், படித்து முடித்தவர்கள் ஒரு கையெழுத்துக்காக வீட்டில் இருக்கிறோம்!

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்பது இதுதான்: நீங்கள் ஒப்புதல் தந்த பயிற்சியின் 320 மணி நேரத்தைத் தயவுசெய்து கணக்கில் சேருங்கள். இனி வரும் மாணவர்களுக்கு, பயிற்சி தொடங்கும் முன்பே மேற்பார்வையாளரின் பதிவைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்.

அவர் பதிவைப் புதுப்பித்துவிட்டார். நாள்வாரியாக அவர் கையெழுத்திட்ட பயிற்சிக் குறிப்பேட்டின் நகலை மீண்டும் இணைத்திருக்கிறேன். தேர்வு விண்ணப்பம் முடிவதற்குள் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
இறுதியாண்டு மாணவி