சுண்டல்காரப் பையன் மேல் தப்பில்லை, அக்கா

அக்கா,

வீடு கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை அட்வான்ஸ் கொடுத்தேன், வருகிற ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுகிறேன். திருவல்லிக்கேணியில், பைகிராஃப்ட்ஸ் ரோட்டிலிருந்து உள்ளே போகிற சந்துகளில் ஒன்று. எந்தச் சந்து என்று இங்கே எழுத முடியாது, யார் யாரோ படிக்கிற இடம். மொட்டை மாடிச் சுவரில் சுதையில் செய்த இரண்டு கிளி இருக்கும் என்று ஒருநாள் நிறுத்திக் காட்டினாயே, அதற்கு எதிர்வீடு. இப்போது புரிந்திருக்கும்.

பதினோரு வீடு பார்த்தேன். “தனியாவா இருக்கப் போறீங்க?” என்று கேட்காதவர் இந்தப் பாட்டி ஒருத்தர்தான். “தண்ணி காலைல ஆறு மணிக்கு வரும், எந்திரிச்சுடுவியா?” என்று மட்டும் கேட்டார். எந்திரிச்சுடுவேன் என்றேன். சாவியைக் கொடுத்துவிட்டார்.

உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். நீ போனை எடுப்பதில்லை. ஆனால் இங்கே நான் எழுதுவதையெல்லாம் நீ படிக்கிறாய் என்று பெரியம்மா சொன்னார்கள். அதனால் இங்கேயே எழுதுகிறேன். இன்றைக்கு நவம்பர் 17. ஆறு வருஷம் ஆகிறது. 2019-ல் அது ஞாயிற்றுக்கிழமை.

ஹாஸ்டல் ரூமைக் காலி செய்யும்போது உன் நோட்டை வெளியே எடுத்தேன். ஆமாம், என்னிடம்தான் இருக்கிறது. தொலைந்துவிட்டது என்று சொன்னது பொய். பழுப்பு அட்டை, கோடு போடாத தாள், முதுகில் நீ ஒட்டிய செல்லோடேப் மஞ்சளாகிவிட்டது. உள்ளே ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் அன்றைக்குப் போன பஸ் டிக்கெட்டை ஒட்டி வைத்திருக்கிறாய். டிக்கெட்டில் மை பாதி மங்கிப்போய்விட்டது. பென்சில் மட்டும் அப்படியே இருக்கிறது.

மவுண்ட் ரோடு பக்கங்களை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே இருக்கிற கடையை நீ வரையவே இல்லை. கண்ணாடி, போர்டு, ஷட்டர் எதுவும் கிடையாது. மாடியிலிருந்துதான் படமே ஆரம்பிக்கிறது. வளைவு ஜன்னல், உடைந்த மரச்சட்டம், சுவர் வெடிப்பில் முளைத்த அரசங்கன்று. “கடை வருஷா வருஷம் மாறும்டி, மாடியை யாரும் தொட மாட்டாங்க, அண்ணாந்து பாத்து நட” என்பாய். அண்ணாந்து பார்த்து நடந்து நான் இரண்டு தடவை விழுந்திருக்கிறேன். இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறேன். ஆபீசில் கூட வேலை பார்க்கிறவர்கள் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு நான் காட்டுகிறேன், நீ எனக்குக் காட்டியதை.

அப்புறம் கலங்கரை விளக்கப் பக்கங்கள். கோட்டை மியூசியம், அதன் மொட்டை மாடியில் 1796-ல் தேங்காய் எண்ணெயில் எரிந்த விளக்கை நீயாகவே கற்பனை செய்து வரைந்தது. அடுத்தது ஹைகோர்ட் வளாகத்தில் 1844-ல் எழுப்பிய கல்தூண். அதற்கு அடுத்த பக்கத்தில் ஹைகோர்ட்டின் பெரிய கோபுரம், 1894. இதை எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டே வரைந்தாய், நான் உனக்குக் குடை பிடித்தேன். மதில் சுவரில் இருக்கிற எம்டன் கல்வெட்டையும் ஓரத்தில் சின்னதாகப் போட்டு, 22.9.1914 என்று எழுதியிருக்கிறாய். பெரியப்பா மில் கணக்கப்பிள்ளையை ‘சரியான எம்டன்’ என்று சொல்வாரே, அந்த வார்த்தை குண்டு போட்ட ஜெர்மன் கப்பலின் பெயர் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். விளக்கு எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பார்த்தால் ஊர் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று தெரிந்துவிடும் என்று நீ சொன்னதையும் அந்த வெயிலில்தான் கேட்டேன்.

கடைசிப் பக்கம் மெரினா. 1977-ல் திறந்த நாலாவது விளக்கு. அடிப்பகுதி இருக்கிறது, சிவப்புப் பட்டைக்கு நீ போட்ட சாய்வுக் கோடுகள் பாதி வரைக்கும் இருக்கின்றன. அதற்கு மேலே வெறும் தாள்.

அதற்கு மேலே ஏன் வெறும் தாள் என்று எனக்குத் தெரியும். உனக்கு முழுதாகத் தெரியாது.

அன்றைக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாய். நான் வரவில்லை என்றேன். பையையும் போனையும் என்னிடம் கொடுத்துவிட்டு நோட்டோடு லிஃப்டுக்குப் போனாய். நான் எதிரே மணலில் உட்கார்ந்திருந்தேன். நாலு மணி இருக்கும். போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை எடுத்தேன். திரையில் ‘அப்பா’ என்று இருந்தது.

“அக்கா கிளாஸ்ல இருக்கா பெரியப்பா, டெஸ்ட்டு” என்றேன். வழக்கமாகச் சொல்வதுதான். அப்போதுதான் அந்தப் பையன் தூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான், பத்துப் பன்னிரண்டு வயசு இருக்கும். என் காதுக்குப் பக்கத்தில் “தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல்” என்று ஒரு சத்தம் போட்டான்.

பெரியப்பாவுக்குக் கேட்டுவிட்டது. இதுவரைக்கும் நான் உன்னிடம் சொன்னது நிஜம். இதற்கு மேலே நான் சொன்னது நிஜமில்லை.

பெரியப்பா கண்டுபிடிக்கவில்லை அக்கா. “கடக்கரையிலயாம்மா இருக்க? காத்து வாங்க வந்தியா? நல்லது, இருட்டுறதுக்குள்ள ரூமுக்குப் போயிரு, அக்கா வந்தா பேசச் சொல்லு” என்றார். அவ்வளவுதான். போனை வைக்கப் போனார். நான்தான் வைக்க விடவில்லை. “பெரியப்பா, அக்கா நாலு மாசமா கிளாசுக்கே போகல” என்று நானாகச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

நீ கீழே இறங்கி வரும்போது உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா? மேலேயிருந்து பார்த்தால் ஊர் மொத்தமும் மொட்டை மாடிதான், எல்லா மாடியிலும் துணி காய்கிறது, அடுத்த ஞாயிறு வந்து மிச்சத்தை முடிச்சிடுவேன் என்று மூச்சு விடாமல் பேசினாய். அதே பையனைக் கூப்பிட்டுச் சுண்டல் வாங்கினாய். மாங்காயை எனக்கு ஒதுக்கிக் கொடுத்தாய். நான் அதைத் தின்றேன். காகிதத்தின் அடியில் ஒட்டியிருந்த தேங்காய்த் துருவல் வரைக்கும் தின்றேன். பெரியப்பா அங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் பொதிகை ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார் என்று தெரிந்துகொண்டே தின்றேன்.

திங்கட்கிழமை விடிகாலையில் அவர் ஹாஸ்டல் வாசலில் மஞ்சப்பையோடு நின்றதும், நீ என்னைத் திரும்பிப் பார்த்தாயே, அந்தப் பார்வைக்குத்தான் சுண்டல்காரப் பையனைப் பதிலாகச் சொன்னேன். ஆறு வருஷமாக அவன் மேல் பழி போட்டிருக்கிறேன். அவனுக்கு இப்போது பதினெட்டு வயசு இருக்கும். மன்னித்துக்கொள் என்று உன்னிடம் கேட்கிறேன். அவனிடம் எப்படிக் கேட்பது?

ஏன் சொன்னேன் என்று நானே நிறைய தடவை யோசித்திருக்கிறேன். கிளாஸ் பீஸுக்குப் பெரியம்மா வளையலை அடகு வைத்தது எனக்குத் தெரியும். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குப் பெரியம்மா போன் செய்து “படிக்கிறாளா?” என்று கேட்கும்போது பதில் சொன்னது நீ இல்லை, நான். எனக்கு அப்போது பத்தொன்பது வயசு. உன் பொய்யை நாலு மாசம் என் வாயால் சொல்ல வைத்தாய். அது நியாயமா? ஒரு நாளாவது “உனக்குக் கஷ்டமா இருக்காடி” என்று கேட்டாயா?

இதெல்லாம் உண்மை. ஆனால் இதற்காக மட்டும் நான் சொல்லவில்லை. அதற்கு முந்தின மூன்று ஞாயிறும் நீ என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போனாய். நான் பேசினால் கோடு கோணலாகிறது என்றாய். ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு நீதான். காலையில் ரத்னா கபேயில் சாம்பாரில் மிதக்கிற இட்லி, அப்புறம் பைகிராஃப்ட்ஸ் ரோட்டு நடைபாதையில் பழைய புத்தகம், அப்புறம் கால் போன பக்கம். அதை நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய் என்ற கோபம். அந்தக் கோபத்தில் வாய் திறந்தது. பெரியம்மா வளையல் பிறகுதான் ஞாபகம் வந்தது.

எழும்பூர் ஸ்டேஷனில் பெரியப்பா சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அவர் இப்போது இல்லை. பெரியம்மாவுக்கு யாராவது இதை வாசித்துக் காட்டுவார்கள். அவர் கெட்டவர் இல்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அத்தான் படித்தாலும் பரவாயில்லை, இதில் அவர் வருத்தப்பட ஒன்றுமில்லை. நீ மெட்ராஸில் படம் வரைந்தாய். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு மேல் யாராவது ஏதாவது பேசினால் அது அவர்கள் கற்பனை.

ஆனால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஏன் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை? இருபது நிமிஷத்தில் பெட்டி கட்டினாய். கொடியில் காய்ந்த துணியை எடுத்தாய், சீப்பை எடுத்தாய், நோட்டைக் கட்டிலிலேயே போட்டாய். மறந்து போனாயா, வேண்டுமென்றே போட்டாயா? ஊரைக் காட்டித் தந்தவள் நீ. காட்டிவிட்டு, முன்பின் தெரியாத மூன்று பேரோடு என்னை அந்த ரூமில் விட்டுப் போனாய். நாலு மாசத்தில் ஊரடங்கு வந்தது. ரோட்டில் ஒரு வண்டி இல்லை. அண்ணாந்து பார்க்க வெளியே போகவும் முடியாது. உனக்கு எத்தனை தடவை போன் செய்தேன் என்று எண்ணிச் சொல்லட்டுமா? உன் கல்யாணத்துக்கு நான் வந்தபோதுகூட எல்லாரையும் கேட்டது மாதிரிதான் என்னையும் “சாப்பிட்டியா” என்று கேட்டாய்.

சரி. சண்டை போட எழுதவில்லை.

நீ போன பிறகு வந்தவற்றில் ஒன்று உனக்குத் தெரிய வேண்டும். 2021 மே மாசத்திலிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. நீ செய்தியில் பார்த்திருப்பாய், உங்கள் ஊரிலும் ஓடுகிறது. ஆனால் இங்கே அது என்ன செய்தது என்று நீ பார்க்க வேண்டும். முகப்பில் பிங்க் பெயின்ட் அடித்து வருகிறது. தப்பான பஸ்ஸில் ஏறினால் பயம் இல்லை, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வேறொன்றில் ஏறலாம். நீ காசை எண்ணி எண்ணி, இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்ததெல்லாம் ஞாபகம் வந்தது. முதல் நாள் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இறங்கவே மனசு வரவில்லை. உன் நோட்டின் பின்பக்கத்தில் அந்தச் சீட்டுகளை ஒட்டி வருகிறேன். உன்னைக் கேட்காமல் செய்தேன்.

பறக்கும் ரயிலை 2023 ஆகஸ்டில் பீச் ஸ்டேஷனிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரைக்கும் நிறுத்தினார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது மறுபடி விட. அந்த ஒரு வருஷமும் கோட்டைப் பக்கம் போகவே சோம்பலாக இருந்தது. மெரினாவில் மெட்ரோ வேலை. விளக்குக்குப் பக்கத்திலேயே பள்ளம் தோண்டி, அங்கிருந்து பூமிக்குள்ளே இயந்திரத்தை இறக்கினார்கள். அதற்குப் பிளமிங்கோ என்று பெயர். நீ உட்கார்ந்து அடிப்பகுதியை வரைந்த இடத்திலிருந்து பார்த்தால் தகரத் தடுப்புதான் முன்னால் நிற்கும். அண்ணாந்து பார்த்தால் மட்டும் பழையபடி சிவப்பு, வெள்ளை.

போன தை மாசம், பெரியப்பா காரியம் முடிந்த அன்றைக்கு, அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் ஒன்று கேட்டாய். “மெட்ராஸ் எப்படி இருக்கு?” சொந்தக்காரர் ஒருவரை விசாரிக்கிற மாதிரி கேட்டாய். பதில் சொல்வதற்குள் யாரோ உன்னைக் கூப்பிட்டார்கள். அதற்குப் பதில்தான் இத்தனையும்.

இந்த வீட்டு மொட்டை மாடியில் ராத்திரி நின்றால் விளக்கு சுற்றுவது தெரிகிறது. முந்தாநாள் பாட்டியோடு போய்ப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றால் நன்றாகத் தெரியும்.

நோட்டைக் கூரியரில் அனுப்ப மாட்டேன். வந்து எடுத்துக்கொள். சனிக்கிழமை ராத்திரி பொதிகையில் ஏறினால் விடிகாலையில் எழும்பூர். அங்கிருந்து மின்சார ரயிலில் பார்க், ரோட்டைக் கடந்தால் பார்க் டவுன், அங்கிருந்து பறக்கும் ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன் திருவல்லிக்கேணி. ஆட்டோ வேண்டாம், நிறைய கேட்பார்கள். விளக்கில் லிஃப்ட் பத்து மணிக்குத்தான் ஓடும், அதுவரைக்கும் இட்லி சாப்பிடலாம். பையனையும் கூட்டிக்கொண்டு வா, அவனுக்கு ரயிலில் டிக்கெட் வேண்டாம். திருவல்லிக்கேணி ஸ்டேஷனில் படி இறங்குகிற இடத்தில் நிற்கிறேன்.