2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குதிரை லாயங்களில் உழைத்து ஓய்வுபெற்ற மூத்தவர்களே, அவர்களைப் பேணிவரும் குடும்பத்தினரே, அனைவருக்கும் வணக்கம்.

2024 அக்டோபர் 5ஆம் தேதி சிங்கப்பூரின் கிராஞ்சியில் கடைசிக் குதிரைப் பந்தயம் நடந்த பிறகு வரும் முதல் முழு ஆண்டின் அறிக்கை இது. 1843இல் ஃபேரர் பார்க் பகுதியில் தொடங்கி, 1933இல் புக்கிட் தீமாவுக்கும் 1999இல் கிராஞ்சிக்கும் இடம்பெயர்ந்த குதிரைப் பந்தயம் இன்று இல்லை. லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் இருக்கிறது. லாயங்கள் மூடப்பட்டதும் ஒன்றாக வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டதால், இவ்வாண்டு வழக்கமான ஒன்றுகூடல்களைக் குறைத்துக்கொண்டு, வேலையில் அடிபட்ட உறுப்பினர்களின் வீடுகளுக்கு நேரில் செல்வதெனச் செயற்குழு முடிவெடுத்தது. இந்த அறிக்கையின் பெரும்பகுதி அந்தச் சந்திப்புகளைப் பற்றியதே.

முதலில் நாங்கள் பார்த்தவர், பல ஆண்டுகள் சைஸாக, அதாவது குதிரைப் பராமரிப்பாளராக, இருந்த மூத்த உறுப்பினர். ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள பந்தயக் குதிரை அவரைத் தடுப்புச் சுவரோடு சேர்த்து நசுக்கியதில் இடுப்பெலும்பு முறிந்தது. சில மாதங்களில் வேலைக்குத் திரும்பிவிட்டார். இப்போது பேருந்துப் படி ஏறவே சிரமப்படுகிறார். மூட்டுக்குழி வரை சென்ற முறிவில் எலும்பு கூடினாலும் குருத்தெலும்பு பழைய வழவழப்பைப் பெறுவதில்லை; அந்த மூட்டு பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தேய்ந்து வலிக்கத் தொடங்குவது மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. ஆனால் அவரோ பலதுறை மருந்தக மருத்துவரிடம் பழைய விபத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அது எப்பவோ ஆறிப்போச்சு தம்பி, வயசானா வலிக்கத்தானே செய்யும்" என்றார். இதே எண்ணம் நம் உறுப்பினர்கள் பலரிடம் இருப்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

அதைவிட மனத்தை வருத்தியது, காலைப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து தூக்கியெறியப்பட்ட மற்றோர் உறுப்பினரின் வீடு. தலைக்கவசம் அணிந்திருந்தார், ஸ்கேனிலும் எதுவும் தெரியவில்லை. ஆயினும் அதன்பின் ஓயாத தலைவலி, மறதி, வெளிச்சத்தைக் கண்டால் எரிச்சல், சமையலின் மணமே தெரியாத நிலை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. "இவருக்குக் குணம் மாறிப்போச்சுன்னு பிள்ளைங்க ஒதுங்கிட்டாங்க அண்ணே" என்று அவருடைய மனைவி சொன்னபோது எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கவசம் மண்டையோடு உடையாமல் காப்பதில் சிறந்தது. ஆனால் விழும் வேகத்தில் மூளை உள்ளே குலுங்கித் திருகுவதை அதனால் முழுமையாகத் தடுக்க இயலாது. அந்த அதிர்ச்சி முழுதாகத் தணியுமுன் மீண்டும் குதிரை ஏறுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை அக்காலத்தில் நம்மில் பலர் அறிந்திருக்கவில்லை. தலையில் பலத்த அடிபட்டவர்களுக்குச் சில ஆண்டுகள் கழித்தும் வலிப்பு வரக்கூடும் என்பதால், அத்தகையோரின் குடும்பத்தினர் அனைவரும் முதலுதவி கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தண்டுவடம் பாதிக்கப்பட்ட உறுப்பினரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1995இல் அமெரிக்க நடிகர் கிறிஸ்டோஃபர் ரீவ் தடைதாண்டும் போட்டியொன்றில் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த செய்தியை நம்மில் பலர் நினைவில் வைத்திருப்போம். அவர் 2004இல் மறையும்வரை அந்த நிலையிலேயே வாழ்ந்தார். நம் உறுப்பினருக்கும் கால்கள் மட்டுமா போயின? படுக்கைப் புண் வராமல் இரவில் எழுந்து அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் அம்மையாருக்குப் பல ஆண்டுகளாக முழுத் தூக்கம் இல்லை. மார்பின் மேற்பகுதியிலோ கழுத்திலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு, சிறுநீர் வெளியேறப் பொருத்திய குழாய் அடைத்துக்கொள்வது போன்ற சிறு காரணத்தால்கூட இரத்த அழுத்தம் திடீரென உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு ஏறலாம். கடுந்தலைவலியும் முகத்தில் வியர்வையும் கண்டால் உடனே அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, குழாயைச் சரிபார்த்து, அவசர மருத்துவ வாகனத்தை அழைக்க வேண்டும்.

இழப்பீடு குறித்து உறுப்பினர்கள் அதிகம் கேட்டார்கள். வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் விபத்து நடந்த ஓராண்டுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும்; நிரந்தர இயலாமைக்கு ஒரே தொகையாகவே பணம் கிடைக்கும். பத்தாண்டு கழித்துத் தேயும் மூட்டுக்கு அந்தத் தொகை மிஞ்சியிருப்பதில்லை என்பதே நடைமுறை. எனவே கேர்ஷீல்டு லைஃப் என்னும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி, இல்லப் பராமரிப்பு மானியம், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் ஈஸ் திட்டத்தில் கிடைக்கும் கைப்பிடிகள், சாய்தளம் ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கச் செயற்குழு துணைநின்றது. விண்ணப்பங்களில் பெரும் தடையாக இருந்தது பழைய மருத்துவக் கடிதங்கள் கையில் இல்லாததுதான்.

ஆகவே வரும் ஆண்டில் ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு குறிப்பேடு வழங்கப்படும். எந்த ஆண்டு, எந்த இடத்தில், எப்படி அடிபட்டது, எங்கு சிகிச்சை நடந்தது என்பதை நினைவுள்ளபோதே அதில் எழுதி, மருத்துவரிடம் செல்லும் ஒவ்வொரு முறையும் எடுத்துச் செல்லுமாறு வேண்டுகிறேன். எழுதச் சிரமப்படுபவர்களின் வீட்டுக்கு இளைஞர் பிரிவினர் வந்து எழுதித் தருவார்கள்; கூட்டம் முடிந்ததும் அவர்களிடம் உங்கள் பெயரைக் கொடுத்துச் செல்லுங்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்துச் சமர்ப்பிப்பார்.

பணிவுடன்,
செயலாளர்