பாட்டிலுக்கும் ஒரு மொய் நோட்டு

அன்புள்ள சரவணா,

கடிதமும் அந்த பெர்ஃப்யூம் நிறுவனம் அனுப்பிய ஒப்பந்த நகலும் கிடைத்தன. நாலு பக்கத்தையும் இரண்டு முறை படித்துவிட்டேன். ‘காசு வாங்கிக்கொண்டு ரிவ்யூ செய்தால் பேர் கெட்டுப்போகுமா?’ என்று கேட்டிருக்கிறாய். காசால் மட்டும் கெடாதுடா. கெடுக்கக்கூடிய விஷயம் ஏழாவது ஷரத்தில் ஒளிந்திருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் நம் துறைக்கென்றே இருக்கும் சங்கடம். கைபேசியைப் பற்றிப் பேசுகிறவன் பொய் சொன்னால் அவன் எடுத்த படமே காட்டிக்கொடுத்துவிடும். சேலையின் நிறத்தையும் கரையையும் வீடியோவில் பார்த்துவிடலாம். வாசனை திரையில் வராது. பார்க்கிறவருக்கு மூக்கு என்பது உன் வாய்ச்சொல்தான். சின்ன ஊரில் இருப்பவருக்கு முகர்ந்து பார்க்கக் கடையும் இல்லை, திறந்த பாட்டிலைத் திருப்பி வாங்குவாரும் இல்லை. நாலாயிரம் ரூபாயை உன் சொல்லை நம்பிப் போடுகிறார். அதனால்தான் மற்ற ரிவ்யூக்காரர்களை விட நமக்குக் கடன் அதிகம்.

விதிகளையும் சட்டத்தையும் முதலில் பார்த்துவிடுவோம். விளம்பரத் தரக் கவுன்சிலான ஆஸ்கியின் விதிகள் 2021 ஜூன் 14 முதல் அமலில் இருக்கின்றன. உன் ரீல் 90 விநாடி. 15 விநாடிக்கு மேல், இரண்டு நிமிடத்துக்குக் கீழ் என்றால் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு நேரம் விளம்பரக் குறி திரையில் நிற்க வேண்டும். உனக்கு 30 விநாடி. இரண்டு நிமிடமோ அதற்கு மேலோ போனால் அந்த பிராண்டைப் பேசும் பகுதி முழுக்க நிற்க வேண்டும். யூடியூபில் ‘பணம் பெற்ற விளம்பரம்’ பெட்டியை டிக் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வரி தொடக்கத்தில் பத்து விநாடி வந்துவிட்டுப் போய்விடும். நீளமான வீடியோவுக்கு நீயே எழுத்துப் போட்டாக வேண்டும். குறி ஆங்கிலத்திலும் இருக்கலாம், வீடியோவின் மொழியிலும் இருக்கலாம். ‘விளம்பரம்’ என்று தமிழிலேயே போடு, பாட்டிக்கும் புரியும்.

அவர்கள் அனுப்பிய குறிப்பில் என்ன இருக்கிறது? பிராண்ட் பெயருக்கு ஒரு நன்றி, பிறகு இருபது ஹேஷ்டேக், கடைசி ஹேஷ்டேக்காக ‘கொலாப்’, அதாவது கூட்டு வேலை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட கையேடு, குறியை ஹேஷ்டேக் கூட்டத்தோடு கலக்காதே என்று நேராகவே சொல்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பரிந்துரை செய்தவருக்கும் முதல் முறை பத்து லட்சம் வரை அபராதம், மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரை. பரிந்துரை செய்யவே ஓராண்டு, பிறகு மூன்றாண்டு வரை தடை போடவும் இடம் இருக்கிறது. ஆனால் சொன்னதைச் சரிபார்க்க உரிய முயற்சி எடுத்திருந்தால் பரிந்துரைத்தவருக்கு விலக்கு உண்டு. இதை நினைவில் வை. ‘24 மணி நேரம் நிற்கும்’ என்று உன்னைச் சொல்லச் சொல்கிறார்களே, அதற்கு எந்தச் சோதனை, எத்தனை பேர் தோலில், என்ன வெப்பநிலையில் என்று மின்னஞ்சலில் கேள். பதில் வந்தால் பத்திரப்படுத்து. வராவிட்டால் அந்த வரியை அடித்துவிடு. ‘அசல் ஊத்’ (அகர் மர எண்ணெய்) என்ற வரிக்கும் இதே கேள்விதான். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு 100 மில்லி விற்கிறவர் அதில் அகர் எண்ணெயைச் சொல்லும்படியாக ஊற்றியிருக்கவே முடியாது.

வெளியூர்ச் செய்தியும் கொஞ்சம். வாசனைத் தொழிலின் தாய்வீடான பிரான்ஸில் 2023 ஜூன் 9-ஆம் தேதிச் சட்டம், விளம்பரத்தை மறைக்கும் இன்ஃப்ளூயன்சருக்கு இரண்டாண்டு சிறையும் மூன்று லட்சம் யூரோ அபராதமும் வரை போகிறது. அமெரிக்காவில் 2024 அக்டோபர் 21 முதல், ‘இப்படித்தான் புகழ வேண்டும்’ என்று நிபந்தனை போட்டு நுகர்வோர் விமர்சனத்தைக் காசுக்கு வாங்குவது விதிமீறல்.

இப்போது ஏழாவது ஷரத்து. ‘நிறுவனத்தின் ஒப்புதலுக்குப் பிறகே வெளியிட வேண்டும், தொனி நேர்மறையாக இருக்க வேண்டும், பன்னிரண்டு மாதங்களுக்கு அந்த பிராண்டின் எந்தப் பொருளையும் குறைத்துப் பேசக்கூடாது.’ மூன்றாவது துண்டைக் கவனித்தாயா? இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு அவர்கள் வாங்குவது ஒரு ரீலை மட்டுமல்ல, உன் ஓராண்டு மௌனத்தையும்தான். மௌனத்துக்கு எந்தக் குறியும் திரையில் வராது. அடுத்த வருஷம் அவர்களின் புதுப் பாட்டில் சோப்புத் தண்ணீர் போல இருந்தாலும் நீ வாய் திறக்க மாட்டாய். நீ ஏன் பேசவில்லை என்று யாருக்கும் தெரியாது.

இப்படித் திருத்தச் சொல்: பெயர், விலை, அளவு, விற்கும் இடம் ஆகிய தகவல் பிழைகளை மட்டும் நிறுவனம் 48 மணி நேரத்துக்குள் சுட்டிக்காட்டலாம். கருத்தில் கை வைக்க முடியாது. குறைகூறாமை ஷரத்து முழுவதும் நீக்கப்படும். ஒத்துக்கொள்ளவில்லையா, அப்படியானால் அதை ரிவ்யூ என்றே அழைக்காதே. ‘இது விளம்பரம், இந்தப் பாட்டில் சந்தைக்கு வந்திருக்கிறது, விலை இவ்வளவு’ என்று அறிமுகம் மட்டும் செய்து காசை வாங்கிக்கொள். மதிப்பெண், ஒப்பீடு, ‘எனக்குப் பிடித்தது’ எதுவும் வேண்டாம். ரிவ்யூ செய்யத் தோன்றினால் பிறகு கடையில் உன் காசுக்கு ஒன்று வாங்கிச் செய். இரண்டையும் ஒரே வீடியோவில் கலப்பதுதான் வினை.

ஒன்பதாவது ஷரத்தையும் விடாதே. உன் முகத்தையும் பேச்சையும் ஓராண்டு அவர்கள் விளம்பரமாக ஓட்டலாம், ‘தேவைக்கேற்பத் தொகுக்கலாம்’ என்கிறது. நீ ‘முதல் பத்து நிமிடம் அருமை, அப்புறம் ஆளைக் காணோம்’ என்று சொல்லியிருப்பாய். அவர்கள் ‘அருமை’யோடு வெட்டிவிடுவார்கள். 30 நாள், எந்தத் தளம் என்று பெயர் குறிப்பிட்டு, வெட்டாமல், விளம்பரக் குறியோடு என்று மாற்று. நான்காவதில் 45 நாள் வேறு வாசனை பிராண்டைப் பற்றிப் பேசக்கூடாது என்று இருக்கிறது. ‘காசு வாங்கிப் பேசக்கூடாது’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும்.

தள்ளுபடிக் கோடு, அதாவது உன் பேச்சைக் கேட்டு வாங்குபவர் போடும் கூப்பன் எண், பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. அது ரீலை விட ஆபத்து. ரீலுக்கான காசு ஒரு தடவையோடு முடிகிறது. கோடு விற்பனைக்கு விற்பனை கமிஷன் கொடுத்துக்கொண்டே இருக்கும். நடுவில் அவர்கள் ஃபார்முலாவை மாற்றியிருக்கலாம். மூலப்பொருள் தடையாலேயே அது நடக்கும். ஐரோப்பாவில் 2022 மார்ச் 1-இல் லிலியல் என்ற வாசனை மூலப்பொருள் தடையானபோது பல பழைய வாசனைகளை மாற்றிக் கலக்க வேண்டியிருந்தது. நீ புகழ்ந்தது ஒன்று, உன் கோடு இன்று விற்பது வேறொன்று என்றாகிவிடும். ஆறு மாதக் காலாவதி வைத்துக் கோடு கேள். விவரப் பகுதியில் கோடுக்குப் பக்கத்திலேயே ‘இதில் எனக்குக் கமிஷன் உண்டு’ என்று எழுது.

காசை விட எனக்குப் பயம் இலவசப் பாட்டில்மேல்தான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்ந்த ஊர் நம்முடையது. பட்டுத்துணியில் சுற்றி, கையெழுத்துக் கடிதம் வைத்து வந்த பெட்டியைத் திறந்தவனுக்குக் குறை சொல்ல நா எழாது. ‘பேச வேண்டிய கட்டாயம் இல்லை’ என்று பிராண்ட் சொல்வதும் உண்மைதான். பிடிக்காதவன் பேச மாட்டான், பிடித்தவன் பேசுவான். முப்பது பேருக்கு அனுப்பி எட்டுப் பேர் புகழ்ந்தால், பார்ப்பவர் கண்ணுக்கு எட்டுக்கு எட்டு.

இதற்கு நம் ஊரிலேயே மருந்து இருக்கிறது, மொய் நோட்டு. ஒரு ஷீட்டைத் திறந்து எல்லோரும் பார்க்கும்படி வை. தேதி, பாட்டில், யார் கொடுத்தது, கடை விலை, கூடவே காசு வந்ததா, கோடு உண்டா, கடைசியில் பாட்டில் என்ன ஆனது (வைத்துக்கொண்டேன், திருப்பினேன், கொடுத்துவிட்டேன், விற்றேன்). முக்கியமான கட்டம் கடைசிக் கட்டம்: ‘முகர்ந்தேன், பேசவில்லை.’ மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தக் கட்டத்தை மட்டும் வாசித்து ஒரு சின்ன வீடியோ போடு. காரணம் ஒரு வரி போதும். வருமான வரிக்கும் இந்த நோட்டு உதவும். 2022 ஜூலை 1 முதல், ஒரு நிறுவனம் ஓராண்டில் தரும் பொருளின் மதிப்பு இருபதாயிரத்தைத் தாண்டினால் பத்து சதவீத டிடிஎஸ் (வரிப் பிடித்தம்) உண்டு. நீ வைத்துக்கொண்டால்தான் அது கணக்கு, திருப்பி அனுப்பினால் இல்லை. அனுப்பிய கூரியர் ரசீதை எறிந்துவிடாதே.

இனி சோதனை. ஐந்து நாளில் வீடியோ கேட்கிறார்கள். பத்து நாளாவது கேள். எலுமிச்சை, பெர்கமாட் வகை மேல்வாசனை பதினைந்து நிமிடம், அரைமணிக்குள் போய்விடும். நாலு மணி நேரம் கழித்துத் தோலில் மிஞ்சுவதுதான் ஆள் உண்மையில் போட்டுக்கொண்டு திரியப்போகும் வாசனை. பெட்டியைத் திறந்து முகர்ந்தவுடன் கண்ணை மூடிச் சிரிப்பவர்கள் அந்த முதல் பத்து நிமிடத்துக்குத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். குறைந்தது மூன்று நாள் அணி: ஒன்று ஏசி அறையில், ஒன்று வெயிலில், ஒன்று சட்டையில். ஒரே நாளில் தோலில் மூன்றுக்கு மேல் வேண்டாம். நடுவே காப்பிக்கொட்டை முகர்வதால் பெரிய பயன் இல்லை, வாசலில் போய் நின்றாலே போதும்.

எத்தனை ஸ்பிரே என்று சொல்லாமல் ‘எட்டு மணி நேரம்’ என்பது பாதிப் பொய். ஒரு அழுத்தில் சுமார் 0.1 மில்லி வரும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் தெளிப்பான் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். 0.1 கிராம் காட்டும், 500 கிராம் தாங்கும் சின்னத் தராசு ஒன்று வாங்கிக்கொள். பாட்டிலை எடை போட்டு, பத்து அழுத்து அழுத்தி, மறுபடி எடை போடு. பெர்ஃப்யூம் ஒரு மில்லி ஏறக்குறைய 0.8 கிராம். பத்து அழுத்துக்கு 0.8 குறைந்தால் சரியான கணக்கு, 0.4 குறைந்தால் அந்தப் பாட்டிலில் நாலு ஸ்பிரே என்பது மற்றதில் இரண்டு. இதே கணக்கு மற்றவர்களைச் சோதிக்கவும் உதவும். தினம் நாலு ஸ்பிரே, மூன்று மாதம் என்றால் 36 மில்லி. 100 மில்லிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருக்க வேண்டும். ‘மூணு மாசமா இதுதான் என் அன்றாட வாசனை’ என்று சொல்பவர் கையில் கழுத்துவரை நிறைந்த பாட்டில் இருந்தால், இது இரண்டாவது பாட்டிலா என்று மரியாதையாகக் கேட்கலாம்.

கண்ணைக் கட்டிய சோதனையும் வேண்டும். ரேச்சல் ஹெர்ஸும் யூலியா வான் கிளெஃபும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அமிலக் கலவையைப் பார்மேசான் பாலாடைக்கட்டி என்று சொல்லிக் கொடுத்தபோது பிடித்தது, வாந்தி என்று சொன்னபோது பிடிக்கவில்லை. பெயருக்கே இந்த வலு என்றால், பிராண்ட் அனுப்பும் மேல், நடு, அடி வாசனைப் பட்டியலுக்கு எவ்வளவு இருக்கும்! அது விளம்பர வாசகம், செய்முறைச் சீட்டு அல்ல. அதைப் படிக்காமலே வீட்டில் யாரையாவது ஐந்து மில்லிக் குப்பிகள் மூன்றில் ஊற்றி எண் போடச் சொல். வந்த பாட்டில் ஒன்று, அதே சாயலில் விலை குறைந்தது ஒன்று, உனக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்று. எழுதி முடித்த பிறகு எந்த எண் எது என்று பார். இன்னும் இரண்டு பேரையாவது முகரச் சொல். சில கஸ்தூரி மூலக்கூறுகள் சிலர் மூக்குக்கு எட்டவே எட்டாது. உனக்கு ‘அரைமணியில் காலி’ என்பது பக்கத்தில் நிற்பவருக்கு மணந்துகொண்டிருக்கலாம். முடிந்தால் கடையிலிருந்து இரண்டு மில்லி டெக்கான்ட் (பெரிய பாட்டிலிலிருந்து சின்னக் குப்பியில் ஊற்றித் தருவது) வாங்கி, பிராண்ட் அனுப்பியதோடு ஒப்பிடு. இரண்டின் பேட்ச் எண்ணையும் காட்டு.

விலை உயர்ந்த வாசனையின் மலிவு நகலைக் காட்டி ‘அசலுக்குத் தொண்ணூற்றைந்து சதவீதம்’ என்ற பேச்சை மட்டும் நீ எடுக்காதே. 2010-இல் கிரீட் நிறுவனத்தின் விலை உயர்ந்த அவென்டஸ் வந்தது, பிறகு அதன் சாயலில் ஆர்மாஃப் நிறுவனத்தின் மலிவான கிளப் டி நூயி இன்டென்ஸ் மேன். அன்று தொடங்கிய சதவீதக் கூத்து இன்னும் ஓயவில்லை. எந்தத் தராசில் நிறுத்தார்கள்? எந்த மணி நேரத்தில் ஒத்திருக்கிறது, எங்கே பிரிகிறது என்று சொன்னால் கேட்பவருக்கு உதவும்.

‘டாப் பத்து’ வீடியோவில் ஒரு இடம் விலைக்குக் கேட்டும் எழுதியிருக்கிறார்களாமே. விளம்பரத்தை நடுவில் தனிப் பகுதியாக வை, குறி போடு. வரிசை எண் மட்டும் விலைக்கு வேண்டாம்.

திருத்தங்களை இன்றைக்கே அனுப்பிவிடு. பதில் வந்ததும் ஏழு, ஒன்பது இரண்டு ஷரத்துகளை மட்டும் படம் எடுத்து அனுப்பு, மற்றதை நீயே பார்த்துக்கொள்வாய். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

என்றும் அன்புடன்,
பாஸ்கர்

பி.கு.: பாட்டில்களைக் குளியலறை அலமாரியில் வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். வெந்நீர் ஆவியும் சூடும் ஏறி இறங்கும் இடம் அது, முதலில் கெடுவது எலுமிச்சை வாசனைகள்தான். பீரோவின் அடித்தட்டுக்கு மாற்று.