பிறந்தநாள் அலமாரிக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு

கோலாலம்பூர் செந்தூல் அடுக்குமாடி வாசக அறைக்கு வந்துபோகும் எல்லாருக்கும் வணக்கம்.

பிறந்தநாள் அலமாரி வைத்து ஓராண்டு ஆகிவிட்டது. புலனக்குழுவில் (வாட்ஸ்அப்) ஒரு கைகூப்பிய படம் போட்டு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். மனம் கேட்கவில்லை.

புதிதாகக் குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தந்த மாதம் பிறந்த பெரியவர்கள் எழுதியவை, அவர்களைப் பற்றியவை எல்லாம் அந்த அலமாரியில் இருக்கும். பிறந்தநாள் காணும் பிள்ளை வந்தால், அந்தத் தேதிக்குப் பக்கத்தில் யார் பிறந்தார் என்று பார்த்து ஒரு புத்தகம் எடுத்துக் கொடுப்போம். டிசம்பர் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள்: 11இல் பாரதி, 22இல் இராமானுஜன்.

முதல் நன்றி மூன்றாம் மாடித் தாத்தாவுக்கு. முதல் அட்டையிலேயே 'பாரதி பிறந்தநாள், செப்டம்பர் 11' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியவன் நான். மின்தூக்கி பழுதாகிக் கிடந்த நாள் அது. கைத்தடியை ஊன்றிப் படியிறங்கி வந்தவர், "தம்பி, அது அவர் செத்த நாளப்பா" என்றார். அவ்வளவுதான், திட்டக்கூட இல்லை. அன்றிலிருந்து ஒவ்வோர் அட்டையும் அவர் கண்ணில் பட்ட பிறகே சுவருக்குப் போகிறது.

ஆகஸ்டுக்கு ஆளில்லை என்று நான் கையைப் பிசைந்தபோதும் அவர்தான் தனிநாயகம் அடிகளைச் சொன்னார். 1913 ஆகஸ்டு 2இல் இலங்கையில் பிறந்தவர், மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக இருந்தவர். முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966 ஏப்ரலில் நம் கோலாலம்பூரில் கூடியதற்கு அவர்தான் முக்கியக் காரணம். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாமல் போயிற்று. அதே மாதம் 12ஆம் தேதிக்கு, நூலகத்துக்கே ஐந்து விதி எழுதிய சீர்காழி எஸ். ஆர். இரங்கநாதனும் கிடைத்தார்.

அப்புறம், நம் ஓய்வுபெற்ற ஆசிரியை அக்காவுக்கு. பிப்ரவரி 25இல் பிறந்த ஒரு சிறுமி, "என் தேதியில் பொம்பளை யாரும் இல்லையா?" என்று கேட்டாள். ஜானகி ஆதி நாகப்பன் பிறந்தது அதே நாளில்தான், 1925இல், இதே கோலாலம்பூரில். நேதாஜி பேசக் கேட்டுத் தம் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அவர் அமைத்த பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர். சிறுபிள்ளை படிக்கிற மாதிரி தமிழில் எங்களிடம் எதுவும் இல்லை. அக்கா இரண்டே இரவில் நாலுவரி நோட்டில் எட்டுப் பக்கம் எழுதி, நடுவில் கறுப்பு நூல் போட்டுத் தைத்துக் கொண்டுவந்தார். அட்டையில் ஒரு தோடு வரைந்திருந்தார். ஒரு தோடுதான், இன்னொன்றை அந்தச் சிறுமி வரைந்து சேர்த்துவிட்டாள். இன்று வரிசையில் நின்று வாங்கும் புத்தகம் அதுதான். காசு கொடுத்து வாங்கியவை கொஞ்சம் பொறாமைப்பட்டுக்கொண்டு நிற்கின்றன.

மலாய்த் திரைக்கலைஞர் பி. ரம்லி பற்றிய மலாய்ப் புத்தகத்தை அவர் பிறந்தநாளான மார்ச் 22க்குள் தேடித் தந்த காவலாளி அண்ணனுக்கும், பழைய அலமாரியைத் தம் லோரியில் ஏற்றிவந்து இறக்கிக் கொடுத்துவிட்டு ஒரு வெள்ளிகூட வாங்க மறுத்தவருக்கும், சனிக்கிழமைதோறும் வடை அனுப்பும் ஒட்டுக்கடை அம்மாவுக்கும் நன்றி. (எண்ணெய்க் கையோடு பக்கம் புரட்ட வேண்டாம், பிள்ளைகளே.)

கடைசியாக ஒன்று. உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' யாரிடமோ இருக்கிறது. அபராதம் கிடையாது, கேள்வியும் கேட்க மாட்டோம். தமிழ்த் தாத்தா சாமிநாதையரின் பிறந்தநாள் பிப்ரவரி 19. அதற்குள் கதவோரப் பெட்டியில் போட்டுவிட்டால் அவருக்கும் சேர்த்து நன்றி சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
வாசக அறைச் சாவி வைத்திருப்பவன்